ஸ்பீக்கர் கம்பி

எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கிறது. ரொட்டி டின்னைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே கைப்பிடி உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் அதை இன்வெர்ட்டர் என்றே நினைக்கிறார்கள். "எத்தனை மணி நேரம் தாங்கும் சார்?" என்று கேஸ் போட வந்த பையன்கூடக் கேட்டுவிட்டான்.

அது இன்வெர்ட்டர் இல்லை. கிட்டாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபயர். 2016இல் தொலைபேசித் துறையிலிருந்து நான் ஓய்வு பெற்றேன். மறு வருடம் சிங்கப்பூரில் இருக்கும் மகன், "அப்பாவுக்கு ஏதாவது வாங்கிட்டு வரணும், என்ன வேணும்?" என்று கேட்டான். பெரும்பாலும் அவன் எதிர்பார்த்த பதில் கைக்கடிகாரமோ தைலமோதான். நான் இதைச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அம்மாகிட்ட கேட்டுட்டீங்களா?" என்றான்.

அம்மாவிடம் கேட்கவில்லை. பெட்டி வந்து, நான் முதல்முறை அதைப் போட்டு ஒரு தந்தியை இழுத்ததும் அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்த்தாள். "எருமை கன்னு போடுற மாதிரி இருக்கு" என்றாள். மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் இருக்கிற எங்கள் தெருவில் எருமை மறைந்து முப்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் உவமை சரியாகத்தான் இருந்தது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பீவி என்ற அமெரிக்கக் கம்பெனி 1992இல் எட்டி வான் ஹேலன் என்ற கிட்டார் கலைஞருக்காக 5150 என்று ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர் செய்தது. 120 வாட். மைதானத்துக்கே போதும். பிறகு அவரும் கம்பெனியும் பிரிந்தார்கள். பெயர் அவரோடு போய்விட்டது. கம்பெனி அதே கருவிக்கு 6505 என்று பெயர் மாற்றியது. 1965இல் தொடங்கிய கம்பெனிக்கு 2005இல் நாற்பது வயது, அந்தக் கணக்கு. என்னிடம் இருப்பது அதன் குட்டி. 20 வாட். பின்னால் ஒரு சுவிட்சைத் தள்ளினால் 5 வாட், இன்னும் தள்ளினால் 1 வாட். உள்ளே முன்வரிசையில் மூன்று ஈ.சி.சி. 83 வால்வுகள் (அமெரிக்காக்காரர்கள் 12ஏஎக்ஸ்7 என்பார்கள்), பின்வரிசையில் இரண்டு இ.எல். 84. ஸ்பீக்கர் தனி. அதற்குப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, கரந்தையில் ஓர் ஆசாரியிடம் பிளைவுட்டில் பெட்டி அடித்துக்கொண்டேன். கோழிக்கூடா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல நேரம் இல்லை.

இந்தக் காலத்தில் வால்வு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். டிரான்சிஸ்டர் 1947இலேயே வந்துவிட்டது. நம் வீடுகளில் இருந்த மர்ஃபி ரேடியோவையும் பிலிப்ஸ் ரேடியோவையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம். ஆனால் கிட்டார் வாசிக்கிறவர்கள் மட்டும் உலகம் முழுக்க வால்வை விடவில்லை. காரணத்தை நம் ஊர்ப் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

வால்வு என்றால் மடை. 1904இல் அதைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் பாய்வதால் அந்தப் பெயரை வைத்தார். இரண்டு வருஷம் கழித்து டி ஃபாரஸ்ட் அதற்குள் ஒரு கம்பி வலையை வைத்தார். அதுதான் மடைப்பலகை. பலகைக்குப் பின்னால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் நிற்கிறது. பலகையை நீங்கள் ஒரு விரலால் மேலும் கீழும் அசைத்தால், வயலுக்குள் பாய்கிற தண்ணீர் அதே தாளத்தில் கூடிக் குறைகிறது. விரல் அசைவு சின்னது, தண்ணீர் அசைவு பெரிது. கிட்டார் தந்தியிலிருந்து வருகிற துளி மின்சாரம் அந்த விரல். ஆம்ப்ளிஃபயர் என்பது அவ்வளவுதான்.

இப்போது ஒரு மடையின் தண்ணீரை வைத்து அடுத்த மடையின் பலகையை அசைக்கிறோம். அதை வைத்து அதற்கடுத்ததை. நாலாவது மடைக்கு வரும்போது பலகை முழுக்கத் திறந்துவிடுகிறது. அதற்குமேல் தண்ணீர் ஏற வழி இல்லை. அலையின் உச்சி மட்டமாகிவிடுகிறது. இதைத்தான் ஹை கெயின் என்கிறார்கள். டிரான்சிஸ்டரில் அந்த உச்சி அரிவாளால் வெட்டினதுபோல் நறுக்கென்று போகும். வால்வில் கரை வழிகிற மாதிரி மெதுவாக மட்டமாகும். காதுக்கு வித்தியாசம் தெரியும்.

இதில் ஒரு நன்மை உண்டு. சாதாரணக் கிட்டாரில் தந்தியைத் தட்டினால் டிங் என்று கேட்டு உடனே செத்துப்போகும். இதில் தந்தி ஓய்ந்துகொண்டே வந்தாலும் மடை நிரம்பியே இருக்கிறது. அதனால் சத்தம் குறையாமல் நிற்கும். சுரம் நின்றால்தான் அதை வளைக்க முடியும், அசைக்க முடியும். கமகம் வேண்டும் என்றால் முதலில் சுரம் நிற்க வேண்டும். நாதஸ்வரத்தில் நிற்கிறது. வீணையில் கொஞ்சம் நிற்கிறது. கிட்டாரில் நிற்பதில்லை.

இந்தக் கடைசி நாலு வாக்கியம் என்னுடையது இல்லை. 1978இல் கீழவாசலில் ஒரு ரேடியோ மெக்கானிக் எனக்குச் சொன்னது. எல்லாரும் அவரை ரேடியோ பாய் என்பார்கள். நானும் பாய் என்றே எழுதுகிறேன்.

பெட்டி வந்த அன்று, கூடவே வந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்தேன். ஓர் எச்சரிக்கை இருந்தது. ஸ்பீக்கரை இணைக்காமல் கருவியை இயக்கக் கூடாது என்று. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு வாசிக்கவில்லை. எருமைக் கச்சேரி மறுநாள்தான்.

காரணம் சொல்கிறேன். நாற்பது வருஷத்துக்குமேல் யாரிடமும் சொல்லாதது.

அப்போது எனக்கு 22 வயது. வேலை கிடைக்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தேன். 'அன்னக்கிளி' 1976இல் வந்தபிறகு இளையராஜா பாட்டு இல்லாமல் எந்தத் திருவிழாக் கச்சேரியும் நடக்காது. அந்தப் பாட்டுகளுக்குக் கிட்டார் வேண்டும். என்னிடம் இருந்தது கல்கத்தா கிவ்ஸன், மரக் கிட்டார். பாட்டுக்காரர்களின் மைக் செட்டிலேயே அதையும் சொருகுவார்கள். தபேலாவும் டிரம்ஸும் சேர்ந்தால் என் கிட்டார் எறும்பு ஊர்கிற சத்தம்.

பாய்க்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பத்தடிக்கு ஆறடிக் கடை. உள்ளே போனால் ஈயமும் ரோசினும் கலந்த ஒரு வாசனை. பெஞ்சின்மேல் குடல் பிதுங்கிய ரேடியோக்கள். ஏதாவது ஒன்றில் எப்போதும் இலங்கை வானொலி. நாதஸ்வரம் என்றால் அவருக்கு உயிர். ஷேக் சின்ன மௌலானா சாகிப் எங்கே வாசித்தாலும், ஸ்ரீரங்கமோ திருவையாறோ, கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். "நம்மாளுன்னு போறதில்லை தம்பி. சுரம் நிக்குது பாரு, அதுக்காகப் போறேன்" என்பார்.

அவராகவே ஒரு நாள் கேட்டார். "தம்பி, உன் கிட்டார்ல ஒரு சுரத்தை நிக்க வச்சுக் காட்டட்டுமா?"

நாலு மாதம், இரவு கடை சாத்தியபிறகு, அதைக் கட்டினார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகள். கடைசியில் இரண்டு இ.எல். 84. அதற்கு முன்னால் வழக்கமாக வைப்பதைவிட ஒரு ஈ.சி.சி. 83 அதிகம். அமெரிக்காவில் யார் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. தானாக யோசித்துக் கண்ட வழி அது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கடையில் வாங்காமல் தானே சுற்றினார். திருச்சியிலிருந்து எனாமல் கம்பி, ஸ்டாலாய் தகடு. ஒவ்வொரு அடுக்குக்கும் காகிதம் வைத்து, விரலால் எண்ணிச் சுற்றுவார். நான் சுற்றுக் கணக்கை நோட்டில் குறிப்பேன். உள்ளே 300 வோல்ட் ஓடும். மீட்டர் வைத்துப் பார்க்கும்போது இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "ரெண்டு கையும் உள்ளே போனா நெஞ்சு வழியாப் பாயும்" என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். "எல்லாத்தையும் மறந்தாலும் இதை மறக்காதே. ஸ்பீக்கர் கம்பி மாட்டாம சுவிட்சத் தொடாதே. வால்வு தர்ற சக்தி எங்கயாவது போயாகணும். போக வழி இல்லேன்னா டிரான்ஸ்ஃபார்மரைத் தின்னுடும்." கலிங்கு அடைத்த ஏரி கரையை உடைக்கிற மாதிரி என்று எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல வழி இல்லை.

பங்குனியில், ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் திருவிழா. சம்பா அறுத்துக் காசு கையில் இருக்கிற நேரம், பெரிய கூட்டம். பாய் தானே பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். சாயங்காலம் சோதித்துப் பார்த்தோம். ஒரு தந்தியை இழுத்துப் பிடித்தேன். நின்றது. மெல்ல அதிர்ந்துகொண்டு நின்றது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு டீ குடிக்கப் போனார்.

அவர் போனபிறகு கரகாட்டக்காரர்களுக்கு இடம் வேண்டும் என்று பையன்கள் ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளி வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கரகம் முடிந்தது. எனக்கு அந்தச் சுரத்தை இன்னொரு தடவை கேட்கவேண்டும் போல இருந்தது. சுவிட்சைப் போட்டேன். வால்வு சிவந்தது. தந்தியைத் தட்டினேன், சத்தம் வரவில்லை. வால்யூமை முழுக்கத் திருகிவிட்டு ஓங்கி ஓங்கித் தட்டினேன். பெட்டிக்குள்ளிருந்து சன்னமாகக் கிட்டார் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரே முனகியது. அது என்ன என்று யோசிப்பதற்குள் படபடவென்று பொரிகிற சத்தம், பிறகு புகை. எனாமல் கருகுகிற வாசனையை ஒரு தடவை மோந்தவன் மறக்க மாட்டான்.

குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கர் கம்பி தரையில் கிடந்தது.

அந்த அரை நிமிஷத்தில் நான் செய்தது இதுதான்: கம்பியை எடுத்து அதன் துளையில் சொருகினேன்.

பாய் ஓடி வந்தார். சுவிட்சை அணைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார், "கம்பி மாட்டியிருந்துச்சா தம்பி?"

"மாட்டியிருந்துச்சு பாய்."

அவர் பெட்டியின் பின்பக்கம் பார்த்தார். கம்பி மாட்டியிருந்தது. மறுபடி கேட்கவில்லை. என்னை நம்பினார்.

அன்றைக்குக் கிட்டார் இல்லாமல் கச்சேரி நடந்தது. குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் பாயைப் பேசினார். வீட்டில் சுற்றின டிரான்ஸ்ஃபார்மரை நம்பி மேடை ஏறலாமா என்றார். பாய் தனக்குப் பேசிய பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நடந்தார். நான் கூடப் போகவில்லை.

1979இல் எனக்குத் தொலைபேசித் துறையில் வேலை கிடைத்தது. கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று ஊர் ஊராகப் போனேன். கிட்டார் பரணுக்குப் போனது. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்து, ஊரில் பையன்கள் எல்லாம் கிட்டார் கற்றுக்கொள்ள ஓடினார்கள். நான் பரணைப் பார்க்கவில்லை. கீழவாசல் போகவேண்டும் என்றால் சுற்றிக்கொண்டு போவேன். ஒரே ஒரு தடவை, தொண்ணூறுகளில், பழைய பஸ் ஸ்டாண்டில் பாய் எதிரே வந்துவிட்டார். தாடி நரைத்திருந்தது. "கிட்டார் வாசிக்கிறியா தம்பி?" என்றார். "நேரமே இல்லை பாய்" என்றேன். பட்டுக்கோட்டை பஸ் கிளம்பியது. ஏறிவிட்டேன். அதற்குப் பின்னால் இன்னொரு பஸ் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இந்தப் பெட்டி வந்தபிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. உள்ளே அதே இரண்டு இ.எல். 84. அதே ஈ.சி.சி. 83. இருட்டில் மேல்தட்டு ஓட்டை வழியாக அதே சிவப்பு. கிட்டார் புதிது, சென்னை அண்ணாசாலை மியூசி மியூசிக்கலில் வாங்கியது. விரல்தான் பழையது, நடுவிரலில் கொஞ்சம் மூட்டுவலி. ஒரு வாட்டில் வைத்து ஒரு சுரத்தைப் பிடித்தால் நிற்கிறது. இழுத்தால் வளைகிறது, அசைத்தால் அசைகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கர்நாடக இசையை உலகத்துக்கே கொண்டுபோய்விட்டார். மின் கிட்டாரில் சுகுமார் பிரசாத் எண்பதுகளிலேயே செய்தார், பிறகு பிரசன்னா. நான் அவர்கள் பக்கத்தில்கூட நிற்க முடியாது. எனக்குத் தோடி தெரியாது. ஒரே ஒரு சுரம்தான் தெரியும். அது நிற்கும்போது, மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் சிரிக்கிறார்.

ஒரு நாள் என் மனைவி கேட்டாள், "அதை ஏன் ரெண்டு நிமிஷம் வாசிச்சிட்டு அரை மணி பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க?" சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எருமைப் பேச்சை எடுக்கவில்லை. "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போவதற்கு எனக்கு இன்னும் ஏழு வருஷம் ஆனது. அதற்கு எந்தக் காரணமும் சொல்லப் போவதில்லை. போன தை மாதம் போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கல்லாவில் இருந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்கும் நெற்றியும் அப்படியே பாய். அத்தா 2009இல் மௌத்தாகிவிட்டார் என்றார்.

நான் வந்த விஷயத்தை நின்றுகொண்டே சொன்னேன். கடைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு, மிச்சத்தையும் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக் கதை தெரியும் சார். தன்னோட சுத்துதான் தப்பாப் போச்சுன்னு அத்தா சொல்வாங்க. ஒரு அடுக்குல காகிதம் வைக்க மறந்துட்டேன்னு. அதுக்கப்புறம் ஆம்ப்ளிஃபயரே கட்டலை. ரிப்பேர் மட்டும்தான்" என்றார்.

காகிதம் வைக்க அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு அடுக்கும் என் நோட்டில் இருந்தது.

வீடு கடைக்குப் பின்னால். அவருடைய அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். எண்பது தாண்டியிருக்கும், கண் மங்கல். மகன் குனிந்து காதில் மெதுவாகச் சொன்னார். நான் வாசல்படியில் நின்றேன். அந்த அம்மா என் பக்கமாகத் திரும்பி, "அன்னிக்கு ராத்திரி சாப்பிடாம படுத்தாங்க" என்றார்கள். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்கள். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

டீ வந்தது. குடித்தேன். கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்கள், "இப்ப வச்சிருக்கியே தம்பி, அதுல நிக்குதா?"

ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாலு மாதம் இரவு அவர் வீட்டில் வேறு என்ன பேசியிருப்பார்!

"நிக்குதும்மா" என்றேன்.

"ஒரு நாள் கொண்டாந்து காட்டு."

வருகிற வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மூன்று மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார் மகன். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். ஸ்பீக்கர் பெட்டி முன்சீட்டுக்குப் பக்கத்தில் நிற்காது, இரண்டு நடை ஆகும். சின்ன வீடு, ஒரு வாட் போதும். அவர்கள் வீட்டுப் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

படிக்கிறவர்களில் பழைய வால்வு செட் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் கம்பியை மாட்டிவிட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் சுவிட்சைத் தொடுங்கள். நான் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.